குழல்வாயில் இறுகிப்போன சோக் குழாய்: எப்படி எடுப்பது, எங்கே நிறுத்துவது?

சிப்புட் சிறுதோட்டம்

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வடக்கே எங்களுக்கு எட்டு ஏக்கர் செம்பனை இருக்கிறது. பழைய மரங்களைத் தள்ளிவிட்டு மறுநடவு செய்து இன்னும் இரண்டு ஆண்டுகள் நிறையவில்லை. காட்டுப்பன்றிகள் இரவில் இறங்கிக் கன்றின் அடியைத் தோண்டி, குருத்தை மட்டும் தின்றுவிட்டுப் போய்விடுகின்றன. வேலி போட்டும் விளக்கு கட்டியும் பார்த்த பிறகுதான் முறைப்படி உரிமம் வாங்கி ஒரு 12 போர் அளவு இரட்டைக்குழல் துப்பாக்கியை வைத்திருக்கிறேன். குழல்கள் மேலும் கீழுமாக அமைந்த மடிப்பு வகை அது.

சென்ற வாரம் இரண்டு குழல்களிலும் உள்ள சோக் குழாய்களை, அதாவது ரவை சிதறுவதைக் கட்டுப்படுத்தக் குழல்வாயில் திருகிப் பூட்டும் சிறு குழாய்களை, கழற்றித் துடைக்க நினைத்தேன். மேல் குழலில் இருந்தது கையாலேயே கழன்றுவிட்டது. கீழ்க் குழலில் இருப்பது அசையவே இல்லை. முதல் தோட்டா எப்போதும் கீழ்க் குழலில்தான் வெடிக்கும் என்பதால் அதற்கு உழைப்பு அதிகம். இரண்டு மழைக்காலமாக அதைக் கழற்றவில்லை என்பதையும், துப்பாக்கியைக் கித்தான் உறையிலேயே வைத்திருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதைத் திருகும் சாவி கைக்குக் கிடைக்காததால் ஐம்பது சென் நாணயத்தை வைத்துத் திருகினேன். பிறகு திருப்புளியை வைத்தேன். விளிம்பில் உள்ள நான்கு வெட்டுகளில் ஒன்றின் ஓரம் நசுங்கிவிட்டது. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

டவுனில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் பள்ளித் தோழர், குழலை மட்டும் இரண்டு நாள் அவரிடம் விட்டால் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். விடலாமா? அல்லது நானே வீட்டில் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?

பழைய கிராணி

தம்பி, மற்றவர்கள் எண்ணெயைப் பற்றியும் சாவியைப் பற்றியும் சொல்வதற்கு முன்பு இதைப் படித்துவிடுங்கள். குழலை அந்தத் தோழரிடம் விடாதீர்கள்.

முப்பது ஆண்டுகள் தோட்ட அலுவலகத்தில் இருந்தவன் நான். தோட்டத்துத் துப்பாக்கிகளுக்கான உரிமத் தாள்கள் என் கை வழியாகத்தான் போய்வரும். 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் உங்கள் பெயருக்கு மட்டுமே. குழலைத் தனியே கழற்றிக் கொடுத்தால் அது வெறும் இரும்புக் குழாய்தானே என்று பலர் எண்ணுகிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை; துப்பாக்கியின் உறுப்பும் அதில் அடங்கும். உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருப்பவருக்கு 1971ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டத்தின் கீழ் பதினான்கு ஆண்டுகள் வரை சிறையும், ஆறுக்குக் குறையாத பிரம்படியும் விதிக்கப்படலாம். உங்களுக்கு உதவ வந்த மனிதரை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். பட்டறை வேலை வேண்டியிருந்தால், பழுதுபார்க்க உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்குத்தான் போக வேண்டும். வீட்டில் உங்கள் கையால், உங்கள் கண்ணெதிரே செய்யும் சுத்தப்படுத்தும் வேலை வேறு கதை.

ஆலை பிட்டர்

கிராணி ஐயா சொன்னதற்கு மேல் அந்தப் பக்கத்தில் நான் சொல்ல ஒன்றுமில்லை. செம்பனை ஆலையில் பிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் மரையைப் பற்றிச் சொல்கிறேன். இறுகிப்போன மரையோடு மல்லுக்கட்டியே என் காலம் போயிற்று.

முதலில் துப்பாக்கியை மடித்து, இரண்டு அறைகளிலும் தோட்டா இல்லை என்பதைக் கண்ணால் மட்டுமன்றி விரலாலும் சரிபாருங்கள். அதன் பிறகு குழலைக் கட்டையிலிருந்து முழுவதும் பிரித்துவிடுங்கள். குழல்வாயில் கையும் முகமும் இருக்கப்போகும் வேலை இது. முழுத் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு செய்யவே கூடாது.

உங்கள் சோக் குழாயை எது பிடித்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். துரு மட்டுமல்ல. ஒவ்வொரு முறை சுடும்போதும் மருந்துக் கரி, தோட்டாவின் பிளாஸ்டிக் தக்கை உருகி ஒட்டும் மெல்லிய படலம், ஈயத்தூள் ஆகிய மூன்றும் குழாயின் பின்விளிம்பு வழியே உள்ளே புகுகின்றன. நம் ஊர் ஈரம் அவற்றோடு சேர்ந்தால் மரையின் பள்ளங்களில் சிமெந்து ஊற்றியது போலாகிவிடும். ஆகவே இதற்கு முதலில் தேவைப்படுவது வலிமை அன்று, நாள்கள்.

தெளிப்பான் எண்ணெய் எல்லாம் ஒன்று என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்கு வீடு இருக்கும் டபிள்யூ.டி-40 என்பது 1953இல் நீரை விலக்குவதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பெயரிலேயே அந்தப் பொருள் இருக்கிறது. இலேசான துருவுக்கு அது போதும். இறுகிய மரைக்கு, துரு இளக்குவதற்கென்றே விற்கும் ஊடுருவும் எண்ணெய் வேண்டும். கிடைக்காவிட்டால் அசிட்டோனும் தானியங்கி கியர் எண்ணெயும் சம பங்காகக் கலந்து பயன்படுத்துவோம். அந்தக் கலவை நிற்காமல் பிரியும், குலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், எளிதில் தீப்பற்றும், கட்டையின் மேல் ஒரு சொட்டு விழுந்தாலும் மெருகு போய்விடும்.

எண்ணெயை எங்கே விடுவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். சில நிறுவனங்களின் சோக் குழாய்க்கு மரை முன்பக்கம் இருக்கும், சிலவற்றுக்குப் பின்பக்கம் இருக்கும். குழல்வாயில் மட்டும் எண்ணெய் விட்டால் பின்பக்க மரைக்கு அது போய்ச் சேர நாளாகும். ஆகவே இரண்டு பக்கமிருந்தும் விடுங்கள். ஓர் இரவு குழல்வாய் மேலே பார்க்க நிறுத்தி, விளிம்பைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அடுத்த இரவு குழல்வாயை ரப்பர் அடைப்பானால் இறுக மூடி, வாய் கீழே இருக்க நிறுத்தி, பின்பக்கமிருந்து ஊற்றுங்கள். 12 போர் குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர், எட்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு எண்ணெய் நிற்க 20 மில்லிலிட்டருக்குச் சற்று மேல் போதும், குழாயின் பின்விளிம்பு முழுவதும் அதில் மூழ்கிவிடும். அடைப்பானில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டித் தொங்கவிடுங்கள். மறந்துபோன அடைப்பானோடு யாராவது ஒரு தோட்டாவை வெடித்தால் குழல் கிழிந்துவிடும்.

ஐந்து நாள்கள் இப்படியே மாறி மாறிச் செய்யுங்கள். அதுவரை சாவியைத் தொடாதீர்கள்.

தாப்பா இரும்புப்பட்டறை

ஐந்து நாள்கள் காத்திருக்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. டிராக்டரின் பேரிங்கும் நட்டும் இறுகிவிட்டால் கேஸ் சுடரால் ஒரு நிமிடம் காட்டுவோம். வெளியில் உள்ளது விரிந்து உள்ளே உள்ளது கழன்று வரும். அதே முறை இதற்கும் பொருந்தும்.

ஆலை பிட்டர்

ஐயா, நீங்கள் சொல்லும் தத்துவம் சரி, சுடர் தவறு. இரட்டைக்குழல் துப்பாக்கியில் இரண்டு குழல்களையும் அவற்றின் மேலுள்ள பட்டையையும் பல நிறுவனங்கள் ஈயப் பற்றாசால்தான் இணைக்கின்றன. வெள்ளீயமும் ஈயமும் கலந்த சாதாரணப் பற்றாசு 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். கேஸ் சுடர் ஆயிரம் டிகிரியைத் தாண்டும். ஒரு நிமிடத்தில் பட்டை விலகிவிடும். குழல்கள் இரண்டும் ஒரே இடத்தைப் பார்க்கும்படி பொருத்திய வேலை போய்விடும். அதைத் திரும்ப இணைப்பது ஒரு சோக் குழாயின் விலையைப் போலப் பல மடங்கு. அத்துடன், எண்ணெயில் ஊறிய குழல்வாயில் நெருப்பைக் காட்டுவதே ஆபத்து.

கொதிநீர் போதும். அது நூறு டிகிரியைத் தாண்டாது, பற்றாசுக்கும் கருநீலப் பூச்சுக்கும் கேடில்லை. குழல்வாயின் வெளிப்புறத்தில் கொதிநீரில் நனைத்த துணியைச் சுற்றி, உள்ளே சோக் குழாயில் பனிக்கட்டி நிரப்பிய மெல்லிய பையைச் செருகினால், வெளியே உள்ளது விரியும், உள்ளே உள்ளது சுருங்கும். கணக்குப் பார்த்தால் இரும்பு ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 12 மைக்ரான் விரிகிறது; இருபது மில்லிமீட்டர் விட்டத்தில் எழுபது டிகிரி வேறுபாட்டுக்கு 0.017 மில்லிமீட்டர்தான் இடைவெளி கிடைக்கும். தலைமுடியின் பருமனில் கால்பங்குகூட இல்லை. ஆனாலும் துருவின் பிடியை உடைக்கவும் எண்ணெய் உள்ளே இறங்கவும் அந்த இடைவெளி உதவும். முழுக் குழலையும் குளிர்ப்பெட்டியில் வைக்கச் சொல்வார்கள். அப்போது இரண்டும் சேர்ந்தே சுருங்கும், பயனில்லை. வெளியே எடுத்ததும் முழுவதும் வேர்த்து மேலும் துரு பிடிக்கும்.

ஈப்போ வட்டுச்சுடுநர்

களிமண் வட்டு சுடும் பழக்கமுள்ளவன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். சாவியைத் தொடும் முன் குழல்வாயைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தீர்களா? கீழ்க் குழலின் வெளிப்புறத்தில் ஒரு குழல்விளக்கின் ஒளி விழும்படி பிடித்து, அந்த ஒளிக்கோடு வாயை நோக்கி நேராகப் போகிறதா, எங்கேயாவது வளைந்து வீங்குகிறதா என்று பாருங்கள். வீங்கியிருந்தால் எண்ணெயால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. குழாயே உப்பி மரையை நெருக்கிக்கொண்டிருக்கும். அதை வீட்டில் தொடக் கூடாது.

இப்படிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. நீங்கள் பன்றிக்குப் பயன்படுத்துவது எஸ்.ஜி. எனப்படும் பெரிய ரவைத் தோட்டாவாக இருக்கும். அதன் ஒவ்வொரு ரவையும் 8.4 மில்லிமீட்டர். முழு இறுக்கமுள்ள சோக் குழாய் குழலைவிட ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் குறுகியது. அந்தப் பெரிய ரவைகள் அங்கே நெருக்கிக்கொண்டு வெளியேறும்போது குழாய்க்கு மிகுந்த அழுத்தம் விழும். அரை இறுக்கத்தில் அந்தக் குறுகல் பாதி மில்லிமீட்டர்தான், எஸ்.ஜி.க்கு அதைவிட அதிகம் வேண்டியதில்லை. உருக்கு ரவைக்கும் அப்படியே. உங்கள் குழாயில் எந்த அளவு இருக்கிறது என்று எழுதுங்கள்.

இன்னொன்று: விளிம்பில் உள்ள வெட்டுகளுக்கு இரண்டு வேலை. சில நிறுவனங்களில் வெட்டுகளின் எண்ணிக்கையே இறுக்கத்தைச் சொல்லும். ஒரு வெட்டு என்றால் முழு இறுக்கம். அத்தகைய அடையாள வெட்டைச் சாவி வெட்டு என்று நினைத்துத் திருகிச் சிதைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நிறுவனத்தின் சாவியையே வாங்குங்கள். அதிலும் கீழே ஒரு முளை இறங்கிக் குழலுக்குள் நேராக நிற்கும் வகையை வாங்குங்கள். அது சாயாமல் நின்று எல்லா வெட்டுகளிலும் ஒரே நேரத்தில் பிடிக்கும். தட்டையான தகட்டுச் சாவி, இறுகாத குழாய்க்குத்தான்.

சிப்புட் சிறுதோட்டம்

அனைவருக்கும் நன்றி. தோழரிடம் விடயத்தைச் சொன்னேன், அவரும் திகைத்துப்போனார். குழல் வீட்டில் பூட்டிய அலமாரியில்தான் இருக்கிறது.

ஒளிக்கோடு நேராகவே போகிறது. வீக்கம் எதுவும் தெரியவில்லை. என் கீழ்க் குழலில் முழு இறுக்கம்தான் போட்டிருந்தேன். தூரத்தில் ரவை சிதறாமல் போகும் என்று எண்ணி அப்படிச் செய்தேன். சரியான சாவியை ஈப்போவில் சொல்லி வைத்து வாங்கிவிட்டேன். இன்று எண்ணெய் ஊற்றி நான்காவது நாள். அடைப்பானை எடுத்தபோது வடிந்த எண்ணெய் முதல் நாள் தெளிவாக இருந்தது. இன்று தேநீர் நிறத்தில், அடியில் கறுத்த தூளோடு வருகிறது. இது நல்ல அறிகுறியா?

ஆலை பிட்டர்

நல்ல அறிகுறிதான். உள்ளே கரைய வேண்டியது கரைகிறது. இன்னும் இரண்டு நாள் விடுங்கள்.

திருகும்போது குழலை வெறும் வைஸில் பிடிக்காதீர்கள். மரை வெட்டிய இடத்தில் குழலின் சுவர் மிக மெல்லியது. வைஸின் தாடை நசுக்கினால் வட்டம் கெட்டு, குழாய் இன்னும் இறுகும். மரக்கட்டை இரண்டில் குழலின் வடிவத்துக்குப் பள்ளம் செதுக்கி, தோல் வைத்து, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். சாவியை வைத்து முதலில் இறுக்கும் திசையில் ஒரு மயிரிழை அழுத்துங்கள். பிடிப்பு உடைவதற்கு அது உதவும். பிறகு கழற்றும் திசையில் திருப்புங்கள். மேல் குழாயை எந்தத் திசையில் கழற்றினீர்களோ அதே திசைதான். வாயை நேராகப் பார்த்தால் கடிகாரமுள்ளுக்கு எதிர்த்திசை. ஒரு கை சாவியைத் திருப்பிப் பிடித்திருக்க, இன்னொரு கையால் சாவியின் தலையில் பித்தளைக் கம்பியால் சிறிது சிறிதாகத் தட்டுங்கள். குழலின் வெளிப்புறத்தில் தட்டவே தட்டாதீர்கள். சாவிக்கு நீளக் குழாய் மாட்டி நெம்புவதும் வேண்டாம். வெட்டு எப்போது முறியப்போகிறது என்று உங்கள் கைக்குத் தெரியாமல் போய்விடும்.

தாப்பா இரும்புப்பட்டறை

பற்றாசைப் பற்றி நான் எண்ணிப் பார்க்கவில்லை; சொன்னதற்கு நன்றி. வெட்டுகள் முறிந்துவிட்டால், முறிந்த போல்ட்டை எடுக்கும் இடதுமரை முனையைக் குழாய்க்குள் இறக்கித் திருகலாமா? அது உள்ளே கடித்துக்கொண்டு வெளியே கொண்டுவந்துவிடும்.

ஆலை பிட்டர்

போல்ட் திண்மையானது, கடித்தாலும் விரியாது. இது சுவர் மெல்லிய குழாய். கூம்பு முனையை உள்ளே இறக்க இறக்க அது குழாயை வெளிப்பக்கம் விரித்து மரையோடு மேலும் இறுக்கும். வெட்டுகள் போய்விட்டால், துப்பாக்கி வேலை தெரிந்தவர், உள்ளே சமமாக விரியும் கடைசல் தண்டால் முழுச் சுற்றையும் பிடித்துத் திருப்புவார். அதுவும் முடியாவிட்டால், குழலின் அச்சை லேத்தில் துல்லியமாக நேர்செய்துகொண்டு, சோக் குழாயின் சுவரை உள்ளிருந்து காகிதம்போல ஆகும்வரை கடைந்து, மிச்சத்தை உள்பக்கமாக மடக்கி உரிப்பார். குழாய் அழியும், குழலின் மரை பிழைக்கும். அந்த வேலையை வீட்டில் கையரத்தால் செய்ய முயன்று குழலின் மரையையும் அறுத்துவிட்டால் திரும்ப வழியில்லை.

சிப்புட் சிறுதோட்டம்

ஏழாம் நாள் இரவு முயன்றேன். சொன்னபடியே மரக்கட்டைகளைச் செதுக்கிப் பிடித்து, கொதிநீர்த் துணியும் பனிக்கட்டியும் நான்கு முறை வைத்தேன். நான்காம் முறை தட்டியபோது ஒரு சிறு ஒலி கேட்டது. குழாய் ஏறத்தாழ ஒரு நிமிட முள் நகரும் அளவுக்குத் திரும்பியது. மகிழ்ச்சியில் மீண்டும் திருகினேன். அங்கேயே நின்றுவிட்டது. மறுபடி எண்ணெய் விட்டு அடுத்த நாளும் பார்த்தேன். இம்முறை நாணயத்தால் நான் முன்பே நசுக்கிய அந்த வெட்டு மேலும் மடங்கத் தொடங்கியது. மற்ற மூன்றும் நன்றாகத்தான் இருக்கின்றன. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் வந்துவிடும் என்று கை சொல்கிறது.

ஆலை பிட்டர்

அந்தக் கையை நம்பாதீர்கள், தம்பி. இங்கேதான் நிறுத்த வேண்டும். மூன்று வெட்டுகள் நன்றாக இருக்கும் குழாயைக் கடைக்காரர் பத்து நிமிடத்தில் எடுப்பார். வெட்டே இல்லாத குழாய்க்கு அவர் லேத்தை ஓட்ட வேண்டும். நீங்கள் ஏழு நாள் ஊற்றிய எண்ணெயும் வீண்போகவில்லை. பிடிப்பு உடைந்துவிட்டது, மீதி அவருடைய கருவிக்கு எளிது.

பழைய கிராணி

நானும் அதையே சொல்கிறேன். சோக் குழாயைத் துப்பாக்கிக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் குழல் உங்கள் உரிமத்தோடு கட்டுண்ட பொருள். அது கெட்டால் புதிய குழல் வாங்கிப் பூட்டிக்கொள்வது ஒரு மனுவோடும் ஒரு நாளோடும் முடியும் காரியமல்ல. போகும் முன் உங்கள் வட்டாரக் காவல் நிலையத்தில் சொல்லி, துப்பாக்கியைக் கொண்டுபோவதற்கு என்ன தாள் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உரிமத்தின் மூலப்படியைக் கையில் வைத்திருங்கள். தோட்டா எதையும் எடுத்துப்போக வேண்டாம். வழியில் எங்கும் நிறுத்திச் சாப்பிடக்கூட இறங்காதீர்கள். கடையில் ஒப்படைத்தால் வரிசை எண்ணோடு ரசீது வாங்குங்கள்.

சிப்புட் சிறுதோட்டம்

ஈப்போவில் உள்ள ஓர் உரிமம் பெற்ற கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் முதலில் கேட்டது, எதை ஊற்றினீர்கள், எத்தனை நாள் என்றுதான். நான் சொன்னதும் தலையசைத்து, விரியும் தண்டை உள்ளே செலுத்தி, ஒரே சீராக இறுக்கித் திருப்பினார். வெளியே வந்த குழாயை என் கையில் கொடுத்தார். பின்விளிம்பு முழுவதும் கறுப்புப் பிளாஸ்டிக் படலம் வளையமாக ஒட்டியிருந்தது. அதன்மேல் செம்மண் நிறத்தில் துரு. மரையின் முதல் மூன்று சுற்றுகள் மட்டும் சுத்தமாக இருந்தன. எண்ணெய் இறங்கிய தூரம் அதுவரைதான் போலும். குழலின் மரையை நைலான் பிரஷ்ஷால் துலக்கிக் காட்டினார். ஒரு சுற்றுக்கூடக் கெடவில்லை. அந்தப் பழைய குழாயைத் திரும்பப் போட வேண்டாம் என்றும், அதன் பின்விளிம்பு ஓரிடத்தில் சற்று உள்நோக்கி மடங்கியிருக்கிறது என்றும் சொன்னார். அரை இறுக்கத்தில் புதியது ஒன்றை வாங்கிக்கொண்டேன்.

மரைக்கு மாலிப்டினம் கலந்த பசை ஒன்றைத் தந்தார். எவ்வளவு பூச வேண்டும்? ஒவ்வொரு முறையும் பூச வேண்டுமா?

ஆலை பிட்டர்

மரையில் நிறம் தெரியும் அளவுக்கு ஒரு மெல்லிய பூச்சுப் போதும். அதிகம் பூசினால் சுடும்போது உருகிப் பின்விளிம்புக்குள் போய்க் கரியைச் சேர்க்கும். ஒவ்வொரு இரவுக் காவலுக்குப் பிறகும் கழற்றித் துடைத்துப் புதிதாகப் பூசுங்கள். விரலால் முழுவதும் திருகி, சாவியால் இலேசாக ஒரு பிடி மட்டும் இறுக்குங்கள். அந்தக் கித்தான் உறையை வெயிலில் காயவைத்துப் போக்குவரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நனைந்த கித்தான் ஈரத்தைப் பல நாள் விடாது.

ஈப்போ வட்டுச்சுடுநர்

புதிய குழாயைப் போட்ட பிறகு, சுடும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். குழலைப் பிரித்து, பின்பக்கமிருந்து வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். குழாயின் பின்விளிம்பு குழலின் சுவருக்குள் முழுவதும் மறைந்திருக்க வேண்டும். எங்கேயாவது அதன் ஓரம் மெல்லிய பிறைபோல உள்ளே நீட்டிக்கொண்டு தெரிந்தால் அந்தக் குழாய் உங்கள் குழலுக்கு உரியதல்ல, தக்கை அந்த ஓரத்தில் இடிக்கும். ஒரே நிறுவனத்திலேயே இரண்டு மூன்று வகை மரைகள் உண்டு. சில தொடக்கத்தில் திருகிக்கொள்ளும், இருப்பிடத்தில் அமராது. அதே காரணத்தால் குழாய் இல்லாமல் ஒரு தோட்டாவும் வெடிக்காதீர்கள். குழலின் மரை அப்படியே திறந்து கிடக்கும்.

பிறகு முப்பது மீட்டரில் ஒரு பெரிய தாளை நிறுத்தி, கீழ்க் குழலில் எஸ்.ஜி. ஒன்றைச் சுட்டுப் பாருங்கள். அதையும் உரிமத்தில் அனுமதித்த இடத்தில்தான். ரவைகள் தாளின் நடுவில் விழுகின்றனவா, ஒரு பக்கம் சாய்கின்றனவா என்று எழுதுங்கள். சாய்ந்தால் குழாய் நேராக அமரவில்லை என்று பொருள்.

சிப்புட் சிறுதோட்டம்

பின்விளிம்பு எங்கும் தெரியவில்லை. சுவர் ஒரே சீராக இருக்கிறது. சனிக்கிழமை தாளில் சுட்டுப் பார்த்தேன். ஒன்பது ரவைகளில் எட்டு, என் இரண்டு கைகளை விரித்து வைத்த அளவுக்குள் விழுந்திருந்தன, நடுவிலிருந்து சாயவில்லை. திரும்பியதும் இரண்டு சோக் குழாய்களையும் கழற்றினேன். இரண்டும் விரலுக்கே வந்துவிட்டன.